பூஜை போட்ட ஆணி

என் மனைவி மரகதம் ஆணி விற்கிறாள். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் யாராவது "மிஸஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "ரீடெயில் மேனேஜ்மென்ட்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றுவேன். வீட்டு வாடகை, மார்ட்கேஜ் வட்டி, விசா என்று இந்த ஊரில் பேச விஷயமா இல்லை? அவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. திண்டுக்கல்லில் எட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். இங்கே வெஸ்ட்கேட்டில் ஒரு கட்டட சாமான் கடையில், பில்டர்கள் வந்து நிற்கும் கவுண்டருக்குப் பின்னால், ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஆணியும் ஸ்க்ரூவும் எடுத்துக் கொடுக்கிறாள். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இந்த ஊர் வீடுகள் நம் ஊர் மாதிரி செங்கல், கான்கிரீட் கிடையாது. எலும்புக்கூடு முழுக்க மரம். ஒரு கட்டையும் இன்னொரு கட்டையும் சேரும் இடத்தில் தகரத்தில் மடித்த ஒரு தாங்கி இருக்கும். தரைக்கு அடியில் கிடக்கும் கட்டையை மடியில் வைத்துத் தாங்குகிற தகட்டுக்கு ஹேங்கர் என்று பெயர். அதில் வரிசையாக ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் எந்த ஆணி போகிறது என்பதில்தான் வீடு நிற்கிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த வரையில் ஆணி என்றால் ஆணி, காலண்டர் மாட்டுகிற சாமான்.

மரகதத்துக்கும் ஆரம்பத்தில் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு பில்டர் வந்து ஒரு பெட்டி ஆணி கேட்டான், எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மழைக்காலம் முடிந்து அவன் திரும்பி வந்து துருவேறிய நாலு ஆணிகளைக் கவுண்டரில் கொட்டினான். வெளியே மழை படும் இடத்தில் உள்வேலை ஆணியை அடித்திருக்கிறான். அவன் கத்தவில்லை. "எதுக்குன்னு நீயும் கேக்கல, நானும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மரகதம் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. கவுண்டரில் யார் ஆணி கேட்டாலும் இவள் மூன்று கேள்வி கேட்பாள். எதை எதோடு சேர்க்கப் போகிறீர்கள்? ஈரம் படுமா? தகடு என்ன உலோகம்? பதில் சொல்லாதவனுக்குப் பெட்டி கிடையாது. மேனேஜரே வந்து கேட்டாலும் கிடையாது.

வீட்டில் அதைவிட மோசம். சமையலறை சன்னலோரம் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர், மருந்தடித்த மரத்துண்டு ஒன்று, அதில் ஒரு தகட்டுத் துண்டு, தகட்டில் ஒரு ஆணி. மேலே தேதி எழுதிய ஸ்டிக்கர்.

"இது சமையலறையா, லேபா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ரெண்டும்தான். டம்ளரை நகர்த்தாதீங்க, பதினாலு மாசமாச்சு."

எங்கள் மகள் அபிதா ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, "அப்பா, ஜஸ்ட் லீவ் இட்" என்றாள். எனக்கு அந்த வீட்டில் ஓட்டுரிமை அவ்வளவுதான்.

இப்போது கோயில் கதைக்கு வருகிறேன். ஏவன்டேலில் ஒரு பழைய மரவீடுதான் எங்கள் முருகன் கோயில். கூடம்தான் சன்னதி, கார் நிறுத்தும் கொட்டகைதான் மடப்பள்ளி. நிலம் பின்பக்கம் சரிவாக இறங்குவதால், பின் வராந்தா தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது. மேலே கூரை உண்டு. பங்குனி உத்திரத்தன்று பல்லக்கை அந்த வராந்தாவில்தான் வைப்போம், காவடியும் அங்கேதான் ஆடும். போன வருஷம் காவடி ஆடும்போதே ஒரு பலகை உள்ளே போய், ஒருத்தருக்குக் கணுக்காலில் அடி. பிரித்துப் பார்த்தால் அடியில் இருந்த கட்டைகளெல்லாம் உளுத்துப் போயிருந்தன. இந்த வருஷம் உத்திரத்துக்குள் புதுத் தரை போட்டே ஆகவேண்டும் என்று சபையில் முடிவானது. செயலாளர் யார்? அடியேன் திருநாவுக்கரசு.

பில்டராக வந்தவர் ராம்சாமி. பிஜிக்காரர். தாத்தாவின் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். தமிழ் வராது, "முருகா" மட்டும் நன்றாக வரும். கூலி வாங்காமல் செய்தார். புதுக் கட்டைகளை வைத்து, ஒவ்வொரு ஹேங்கரையும் ஓர் ஆணியில் நிறுத்திவிட்டு, ஒடாஹுஹுவில் தங்கை மகள் கல்யாணம் என்று சனி, ஞாயிறு கிளம்பினார். மிச்ச ஓட்டைகளில் ஆணி அடிப்பது எங்கள் வேலை, அவர் திரும்பி வந்து மேலே பலகை பரப்புவார். என்ன ஆணி என்று எனக்கு மெசேஜும் அனுப்பியிருந்தார். ஹேங்கருக்கென்றே வரும் குட்டையான, தடித்த, தட்டைத்தலை ஆணி. கால்வனைஸ்.

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, "சாமி காரியத்துக்குக் கால்வனைஸா?" என்று நினைத்தேன்.

வாளிக்கும் கக்கூஸ் பைப்புக்கும் அடிக்கிற துத்தநாகப் பூச்சல்லவா அது! நம் வீட்டில் சீர் வைப்பதே எவர்சில்வரில்தானே? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இங்கே சொல்கிறார்கள், நமக்கு எவர்சில்வர். அதைவிட உசத்தி ஆணியில் என்ன இருக்கிறது? அபிதாவுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் கோயிலுக்கு ஏதாவது செய்வதாக வேண்டுதலும் இருந்தது, சீட்டும் கிடைத்திருந்தது. ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே விலை கூடிய எவர்சில்வர் ஆணி நாலு பெட்டி வரவழைத்தேன். மரகதத்தின் கடைக்குப் போகவில்லை. அங்கே போனால் மூன்று கேள்வி கேட்பாள், வரிசையில் நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை வொர்க்கிங் பீ. எல்லாரும் கூடிச் சும்மா உழைக்கிற நாளுக்கு இங்கே அப்படித்தான் பெயர். நம் ஆட்கள் சும்மா உழைப்பார்களா, அதிலும் ஒரு சடங்கு வைத்தோம். ஆணிப் பெட்டிகளைச் சன்னதியில் வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, குருக்கள் அர்ச்சனை செய்து, தேங்காய் உடைத்தார். பிறகு ஒவ்வொரு குடும்பமும் பெயர், நட்சத்திரம் சொல்லி ஓர் ஆணி அடித்தது. கைக்குழந்தையின் கையைச் சுத்தியலில் வைத்துக்கூட அடித்தார்கள். மீதியை நாங்கள் பத்துப் பேர் அடித்து முடித்தோம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆணித்தலைகள் மினுமினு என்று ஜொலித்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எல்லாரிடமும் "நம்ம உபயம், நம்ம உபயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு மரகதம் வேலை முடிந்து அதே ஆரஞ்சுச் சட்டையோடு வந்தாள். சன்னதியில் கும்பிட்டுவிட்டு நேரே வராந்தாவுக்கு அடியில் போனாள். போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

"இந்த ஆணி யார் வாங்கினது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான்" என்றேன், மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன் மாதிரி.

"எல்லாத்தையும் பிடுங்கணும்."

வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள். "இது பலகைச் சுவருக்கு அடிக்கிற ஆணிங்க. உடம்பு மெலிசு, தலை சின்னது. ஹேங்கர் ஓட்டைக்கு இது பத்தாது. இங்க பாருங்க." ஒரு ஹேங்கரைக் கையால் ஆட்டினாள். கடகடவென்றது.

சபைத் தலைவர் குணரத்தினம் அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். "அதுக்கென்ன பிள்ளை, இன்னும் ரெண்டு ஆணி அடிச்சால் இறுகிடும்தானே?" என்றார்.

"இறுகாதுங்க, கட்டை பிளக்கும். அது மட்டும் இல்ல. தகடு கால்வனைஸ், ஆணி எவர்சில்வர். ரெண்டும் வேற வேற உலோகம். ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா தகட்டு மேல இருக்கற பூச்சு கரைஞ்சுடும். ஆணி அப்படியே புதுசா இருக்கும், தகடு போயிடும்."

"ஓம், விளங்குது. ஆனா பூசை வைச்ச ஆணியை எப்பிடிக் கழட்டுறது? சனம் தங்கட நட்சத்திரம் சொல்லி அடிச்சதெல்லே? நாளைக்கு ஆருக்கும் ஒரு காய்ச்சல் வந்தாலும் எங்களைத்தான் கதைக்கும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை இது மேல நூத்தம்பது பேரு நிக்கப்போறாங்க அண்ணா. பல்லக்கு வேற."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? எல்லார் முன்னாலும் மூக்கை உடைத்துவிட்டாளே என்று பொத்துக்கொண்டு வந்தது கோபம். "கடையில ஆணி எடுத்துக் குடுக்கறதுனால இன்ஜினியர் ஆயிடுவியா? பேசாம இரு" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது என் கை பட்ட வேலை இல்லைன்னு எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ரசத்துக்குப் பதிலாக இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாருங்க" என்றாள்.

ஒன்றில் கால்வனைஸ் தகடு, கால்வனைஸ் ஆணி. மங்கிப் போய், சாம்பல் பூத்து, பார்க்க லட்சணமாகவே இல்லை. ஆனால் முழுசாக இருந்தது. இன்னொன்றில் அதே தகடு, ஆணி மட்டும் எவர்சில்வர். ஆணி நேற்று வாங்கிய மாதிரிப் பளபளத்தது. அதைச் சுற்றித் தகட்டில் வெள்ளைப் பொடி, பொடிக்கு அடியில் செம்பழுப்புத் துரு. ஓட்டை அகலமாகி, விரலால் தொட்டால் தகட்டின் ஓரம் உதிர்ந்தது. ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே தேதி.

"இது உப்புத் தண்ணி, சீக்கிரம் ஆச்சு. கோயில்ல ஆறேழு வருஷம் ஆகலாம். மேலோட்டமா பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆணி மின்னிக்கிட்டே இருக்கும். உங்க பேரு உபயம்னு போர்டும் இருக்கும்" என்றாள். டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "நான் கடையில யார்கிட்டயும் தோத்ததில்லைங்க. வீட்டுக்காரர்கிட்ட தோத்துட்டு வந்திருக்கேன்."

உத்திரத்தன்று அபிதாவும் அவள் கூட்டாளிகளும் அந்த வராந்தாவில்தான் கும்மியடிப்பார்கள். பதினாலு மாதத்துக்கு மேல் அந்த டம்ளர் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. காபி போடும்போதெல்லாம் அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் சர்க்கரை எடுத்திருக்கிறேன். ஒருநாள்கூட என்னவென்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு டம்ளர்களையும் முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நானே கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மரகதம் பின் சீட்டில் உட்கார்ந்தாள். தீபாராதனை முடிந்ததும், பிரசாதத்துக்கு வரிசை கட்டுவதற்குள், எழுந்து நின்றேன்.

"பில்டர் கால்வனைஸ்தான் வாங்கச் சொன்னார். நான்தான் கெத்துக்கு எவர்சில்வர் வாங்கினேன். நேத்து என் மனைவி சொன்னது அத்தனையும் சரி, நான் கத்தினது தப்பு. இதைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று டம்ளர்களைக் கைமாற்றி விட்டேன்.

டம்ளர் வரிசையாகப் போயிற்று. குணரத்தினம் அண்ணர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். குழந்தையின் கையைப் பிடித்து அடித்த அந்தத் தாய் பார்த்துவிட்டு, குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கவாசலில் ராம்சாமி. கல்யாணப் பட்டு ஜிப்பாவோடு, வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவர், நேரே வராந்தாவுக்கு அடியில் போய்விட்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தார். என்னைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தவர், எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாரா! நீ இங்கே என்ன செய்கிறாய்?" என்றார் ஆங்கிலத்தில்.

கடையில் வெள்ளைக்கார பில்டர்கள் அவள் பெயரை அப்படித்தான் சுருக்கி வைத்திருக்கிறார்களாம். எனக்கு அதுவும் தெரியாது.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார் குணரத்தினம் அண்ணர்.

"தெரியுமாவா? வடமேற்கில் வீடு கட்டுகிற எவனையும் கேளுங்கள். வெஸ்ட்கேட் மாரா வேண்டாம் என்றால் நாங்கள் பேசாமல் லாரியைத் திருப்பிக்கொண்டு போய், வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருவோம். போன வருஷம் என்னையே இரண்டு முறை திருப்பி அனுப்பினாள், இரண்டு முறையும் அவள் சொன்னதுதான் சரி. இவள் உங்கள் கோயில் ஆள் என்று தெரிந்திருந்தால், நான் கல்யாணத்தில் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேனே!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உன் மனைவியா? நீ மேனேஜ்மென்ட் என்றல்லவா சொன்னாய்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரகதமும் சிரித்தாள். எனக்குத் தரையில் ஓட்டை இருந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அவமானத்துக்கு நடுவிலேயே எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு ஆளோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, ஆறு வருஷமாக அதை ஒளித்து வைத்திருக்கிறேனே, என்னை எதால் அடிப்பது?

மிச்சம் இருந்தது பூஜை விவகாரம். எல்லாரும் குருக்களைப் பார்த்தார்கள். அவர் டம்ளரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தேங்காய், அவ்வளவுதானே? உடைச்சாப் போச்சு" என்றார்.

மரகதம் உடனே கடைக்கு விட்டாள் வண்டியை. சரியான ஆணிப் பெட்டிகளோடும், பிடுங்கும்போது நசுங்கினால் மாற்றுவதற்குப் புது ஹேங்கர்களோடும் ஒரு மணி நேரத்தில் வந்தாள். நான் அடித்த ஆணியை நானே பிடுங்கினேன். உடம்பில் வளையம் வெட்டிய ஜாதி ஆணி, லேசில் வருமா? உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் எல்லாம் திரும்ப வரிசையில் நின்று, பெயர், நட்சத்திரம் சொல்லி, இந்த முறை மங்கலான குட்டை ஆணியை அடித்தன. மரகதம் டார்ச்சோடு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டை ஓட்டையாகப் பார்த்தாள். ஓர் ஓட்டைகூடக் காலியாக விடவில்லை. ராம்சாமி ஜிப்பாவை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்.

எவர்சில்வர் ஆணியில் உடைக்காத மூன்று பெட்டி மிஞ்சியது. அதையும் வீணாக்க விடவில்லை அவள். "சாமி முன்னாடி வச்சதுதானே? முன்பக்கச் சுவருக்கு தேவதாருப் பலகை அடிக்கப் போறோமில்ல, அதுக்கு இதுதான் சரியான ஆணி. உங்க உபயம் அங்க மின்னட்டும்" என்றாள். குத்தலா, சமாதானமா என்று தெரியவில்லை. நான் சமாதானம் என்றே எடுத்துக்கொண்டேன்.

உத்திரத்தன்று வராந்தாவில் எள் போட்டால் கீழே விழாது, அப்படிக் கூட்டம். பல்லக்கை இறக்கி வைத்தார்கள். காவடிகள் ஏறின. மேளம் உச்சத்துக்குப் போய், அத்தனை கால்களும் ஒரே தாளத்தில் பலகையை மிதித்தன. நான் பயத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. அபிதா கும்மியில் குதித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் பிரசாத் நின்றிருந்தார். எங்கள் ஆபீசுக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், நான்தான் கோயிலுக்கு அழைத்து வந்தேன். மேளச் சத்தத்தில் என் காதருகே குனிந்து, "சார், உங்க மிஸஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"ஆணி விக்கிறா" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லையோ, புரியவில்லையோ, "என்ன சார்?" என்றார்.

மேளத்தையும் மீறிக் கத்தினேன். "ஆணி விக்கிறா! வெஸ்ட்கேட்ல! இப்ப நீங்க நிக்கறீங்களே, அது அவ எடுத்துக் குடுத்த ஆணி மேலதான் நிக்கறீங்க!"

அந்த நேரம் பார்த்தா மேளம் நிற்க வேண்டும்? என் கத்தல் கோயில் முழுக்கக் கேட்டது. நூற்றைம்பது தலைகள் திரும்பின. கற்பூரத் தட்டோடு நின்றிருந்த மரகதம் என்னைப் பார்த்தாள். காது வரை சிவந்திருந்தாள்.

"ஸ்க்ரூவும் விக்கிறேன்" என்றாள்.